மின்வாயின் மேல் டி.என்.ஏ.

டி.என்.ஏ.வை மின்வேதியியல் வழியில் ஆராய அதிகத் தளவாடம் தேவையில்லை. மூன்று மின்வாய்கள், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் ஒன்று, சில மில்லிலிட்டர் தாங்கல் கரைசல் போதும். வேலை நடக்கும் மின்வாயின் அழுத்தத்தைச் சீராக ஏற்றியோ இறக்கியோ கொண்டுபோனால், கரைசலிலுள்ள பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கும் அல்லது வாங்கும் இடத்தில் மின்னோட்டம் எழுந்து தணியும். ஆய்வகத்தில் அதை ‘பீக்’ என்பார்கள். பீக் நிற்கும் அழுத்தத்தைக் கொண்டு பொருள் எது என்றும், பீக்கின் உயரத்தைக் கொண்டு அது எவ்வளவு என்றும் அறியலாம். பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. தொழிலில் இருப்பவருக்கு அடுத்த செய்திதான் முக்கியம். எலக்ட்ரான் பொதுவாக ஓரிரு நானோமீட்டருக்கு மேல் தாண்டுவதில்லை. ஆகவே கருவியில் தெரிவது பரப்பில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. மட்டுமே. கரைசலில் மிதக்கும்போது அது எப்படி இருந்ததோ அப்படியேதான் பரப்பிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இத்துறையின் அறுபது ஆண்டுச் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்து கிளைத்தவை.

தொடக்கம் செக்கோஸ்லோவாகியாவில். பிராக் நகரில் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் கண்டறிந்த போலரோகிராபி அந்நாட்டு வேதியியலாளர்களுக்குக் கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. அதற்காக அவருக்கு 1959-இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையில் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். ஒவ்வொரு சொட்டும் புது மின்வாய் என்பதால் முந்தைய சொட்டில் படிந்த அழுக்கு அடுத்ததைப் பாதிக்காது. பிர்னோ நகரில் அறிவியல் அகாடமியின் உயிர் இயற்பியல் நிறுவனத்தில் பணியாற்றிய எமில் பலெச்செக், 1950களின் இறுதியில் இம்முறையின் ஒரு கிளையான அலைக்காட்டிப் போலரோகிராபியை டி.என்.ஏ.வின் மேல் பயன்படுத்திப் பார்த்தார். டி.என்.ஏ. இம்முறைக்கு அகப்படாது என்பதே அதுவரை அச்சேறியிருந்த முடிவு. அவருக்கோ சமிக்ஞை கிடைத்தது. 1960-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானபோது இரட்டைச் சுருள் அமைப்பு அறிவிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன.

டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் அடினினும் சைட்டோசினும் பாதரசத்தின் மேல், நடுநிலைக் கரைசலில், −1.4 வோல்ட்டை ஒட்டி எலக்ட்ரானை வாங்கி ஒடுக்கமடைகின்றன. குவானின் சுற்றுவழியில் வரும். அழுத்தத்தை இன்னும் எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் அது டைஹைட்ரோகுவானினாக ஒடுங்குகிறது. திரும்பி வரும் வழியில், சுழியத்துக்குச் சற்றுக் கீழே, அந்த விளைபொருள் மீண்டும் ஆக்சிஜனேற்றமடைந்து தனி பீக் தருகிறது. தைமினிடமிருந்து நீர்க்கரைசலில் எதுவும் வராது.

இந்த ஒடுக்கத்தில் பங்குபெறும் அணுக்கள் இரட்டைச் சுருளின் உள்ளே, ஹைட்ரஜன் பிணைப்பு நிகழும் பகுதியில் இருக்கின்றன. சுருள் மூடியிருக்கும்வரை பாதரசம் அவற்றைத் தொட முடியாது. சூடாக்கி இழைகளைப் பிரித்துவிட்டால், அதே செறிவுள்ள டி.என்.ஏ. பல மடங்கு பெரிய பீக்கைத் தருகிறது. புற ஊதா ஒளி உறிஞ்சுதலை அளந்துதான் இழை பிரிவதைக் கண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த முறையில் இழைகள் முழுதாகப் பிரியும்போது உறிஞ்சுதல் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். சிறு நெகிழ்வுகள் அந்தக் கணக்கில் அமுங்கிப்போகும். போலரோகிராபியோ உருகும் வெப்பநிலைக்குக் கீழேயே சுருளில் ஏற்படும் மாற்றங்களைக் காட்டியது.

கூடவே ஒரு தொல்லையும் வெளிப்பட்டது. −1.2 வோல்ட்டை ஒட்டிய பகுதியில் பாதரசப் பரப்பே சுருளைப் பிரித்துவிடுகிறது. எதிர் மின்னேற்றம் பெற்ற பரப்பு டி.என்.ஏ.வின் பாஸ்பேட் முதுகெலும்பை விலக்குகிறது; ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட காரங்கள் விட மறுக்கின்றன. இந்த இழுபறியில் சுருள் அவிழ்கிறது. ஒரே துளியில் மெதுவாக அழுத்தத்தை மாற்றிக்கொண்டு போனால், கடைசியில் அளக்கப்படுவது கரைசலில் ஊற்றிய டி.என்.ஏ.வாக இராது. அழுத்தத்தைச் சிறு துடிப்பாகக் கொடுக்கும் முறையில் ஒவ்வொரு சொட்டும் குறுகிய நேரமே அந்த அழுத்தத்தில் இருக்கும் என்பதால் இக்குறை பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

இந்தக் குறையையே பின்னால் பலெச்செக்கின் குழுவினர் ஒரு கருவியாக மாற்றிக்கொண்டார்கள். பாக்டீரியாவின் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. முனையில்லாத வளையம், மேலும் முறுக்கேறியது. முனை இல்லாததால் பாதரசப் பரப்பால் அதை அவிழ்க்க முடியாது. கதிர்வீச்சோ வேதிப்பொருளோ ஒரே ஓர் இழையில் ஒரே ஓர் இடத்தை வெட்டினாலும் அவிழத் தொடங்கிவிடும். இழை பிரிந்ததற்கான பீக் எழும். மரபணுச் சேதத்தைக் கண்டறிய இவ்வளவு நுட்பமான வழி திண்ம மின்வாய்களில் இன்றும் சுலபத்தில் அமைவதில்லை. 1986-இல் வந்த மற்றொரு உத்தி அதைவிட எளியது. டி.என்.ஏ. பாதரசத்தில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. எனவே தொங்கும் பாதரசத் துளியைச் சில மைக்ரோலிட்டர் மாதிரியில் முக்கி எடுத்து, கழுவி, வெறும் தாங்கல் கரைசலில் வைத்து அளக்கலாம். மாதிரியின் அளவு சுருங்கியது. ஒட்டாத சிறு மூலக்கூறுகள் கழுவலோடு போயின. பின்னால் வந்த டி.என்.ஏ. பூசிய மின்வாய்கள் எல்லாவற்றுக்கும் இதுவே முன்னோடி.

பாதரசத்தோடு குடித்தனம் நடத்துவது லேசு அல்ல. மும்முறை காய்ச்சி வடித்தது வேண்டும். கருவியின் அடியில் விளிம்புள்ள தட்டு வேண்டும். சிந்தினால் தூவக் கந்தகப் பொடி வேண்டும். நுண்குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் அன்றைய வேலை போயிற்று. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தபோது, பல ஆய்வகங்கள் அந்தக் கருவியை முன்பே மூலையில் ஒதுக்கியிருந்தன. செக் ஆய்வாளர்கள் வெள்ளி–பாதரசக் கலவை மின்வாய்களைக் கொண்டு பழைய முறையைத் தொடர்ந்தனர். மற்றவர்கள் கரிக்கும் தங்கத்துக்கும் மாறினார்கள்.

கரியில் ஒடுக்கத்தைவிட ஆக்சிஜனேற்றமே வசதி. கிராஃபைட் மின்வாயில் டி.என்.ஏ.வின் ஆக்சிஜனேற்றத்தை ஆய்வாளர்கள் பிராபெக்கும் டிரைஹர்ஸ்ட்டும் 1978-இல் விவரித்தார்கள். நான்கு காரங்களில் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது குவானின். நடுநிலைக்கு அருகே, வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாய்க்கு எதிராக, 0.7 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்குள் அதன் பீக் வரும். அடினினுக்குச் சில நூறு மில்லிவோல்ட் கூடுதலாக வேண்டும். உயிரணுவில் சேதத்தின் அடையாளமாகச் சேரும் 8-ஆக்சோகுவானின் இவற்றைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வினைபுரிவதால் அதையும் தனியே பிரித்தறியலாம்.

பட்டையில் அச்சிட்ட கரி மின்வாய்கள் மலிவானவை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியலாம். ஆனால் அந்தப் பட்டையிலேயே அச்சிட்டிருக்கும் வெள்ளிப் பூச்சை ஒப்பீட்டு மின்வாயாக நம்பினால், மாதிரியிலுள்ள குளோரைடின் அளவுக்கேற்ப அது நகரும். பீக் 40 மில்லிவோல்ட் தள்ளி வந்ததும் புதுப்பொருள் கிடைத்ததாக எண்ணிக் கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது உப்பின் அளவை.

உயிர் உணரி என்ற பெயருக்கு உரிய கருவி 1990களில்தான் வந்தது. அடிப்படை எளிது. தேடப்படும் மரபணு வரிசைக்கு நிரப்பான ஓர் ஒற்றை இழையை மின்வாயில் பொருத்துவது; மாதிரியில் இணை இழை இருந்தால் வந்து சேரும்; சேர்ந்ததை மின்சமிக்ஞையாக மாற்றுவது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் கெல்லி மிலனும் சூசன் மிக்கெல்சனும் 1993-இல் இதைச் செய்தார்கள். இரட்டைச் சுருளோடு கூடுதலாகச் சேரும் கோபால்ட் அணைவுச் சேர்மத்தை அவர்கள் சுட்டியாகப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணுப் பிழையைக் கண்டறிய அதே வழி பயன்பட்டது. சுட்டியே இல்லாமல் குவானின் பீக்கையே அளக்க விரும்பியவர்களுக்கு ஓர் இடைஞ்சல்: பொருத்திய இழையிலும் குவானின் இருக்கும். ஆய்வாளர் ஜோசப் வாங்கின் குழு அந்த இழையில் குவானினுக்குப் பதில் இனோசினை வைத்தது. இனோசின் சைட்டோசினோடு இணையும். குவானினின் இடத்தில் பீக் தராது. இணை வந்து சேர்ந்தால் மட்டுமே குவானின் பீக் எழும்.

இன்று இத்துறையில் நுழைபவர் பெரும்பாலும் தங்கத்தில்தான் தொடங்குகிறார். அந்த வேலையில் பாதி தங்கத்தைக் கழுவுவது. நுண்ணிய அலுமினாப் பொடியில், 1 மைக்ரானில் தொடங்கி 0.05 மைக்ரான் வரை, துணியின் மேல் எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். பிறகு மீயொலித் தொட்டியில் ஒட்டிய பொடியை உதறவேண்டும். அதன்பின் நீர்த்த கந்தக அமிலத்தில் அழுத்தத்தை மேலும் கீழுமாகப் பலமுறை ஓட்ட வேண்டும். தங்கத்தின் மேல் ஆக்சைடு உண்டாகித் திரும்ப ஒடுங்கும் பீக் கூர்மையாகி, அடுத்தடுத்த வரைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை இதை நிறுத்தக்கூடாது. அந்த பீக்கின் அடியிலுள்ள மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 390 அல்லது 400 மைக்ரோகூலும் என்று வகுத்தால் தங்கத்தின் உண்மைப் பரப்பு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் பரப்பைவிட அது எப்போதும் அதிகம். இந்த எண்ணைக் குறித்துவைக்காத ஆய்வுக் குறிப்பேட்டில் பின்னால் வரும் எந்த எண்ணையும் ஒப்பிட முடியாது. கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த ‘பிரானா’ கரைசலால் தங்கத்தைக் கழுவும் பழக்கமும் உண்டு. மூடிய புட்டியில் வைத்தால் வெடிக்கும். கரிமக் கரைப்பான் பட்டால் கொதித்தெழும். மின்வேதியியல் முறையே போதும் என்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

டி.என்.ஏ. இழையின் ஒரு முனையில் கந்தகமுள்ள தயோல் தொகுதியை இணைத்து வாங்கினால் அது தங்கத்தில் பிணைந்துகொள்ளும். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் டைசல்ஃபைடு வடிவில் மூடியிருப்பதால் முதலில் அதைத் திறக்க வேண்டும். பொருத்தும் கரைசலில் உப்பு நிறைய இருப்பது அவசியம். இழைகள் எல்லாம் எதிர் மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். 0.1 மோலார் உப்பில் இந்த விலக்கம் ஏறத்தாழ 1 நானோமீட்டரோடு தணிந்துவிடும். 1 மோலாரில் அதுவும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

தயோல் மட்டுமல்லாமல் காரங்களும் தங்கத்தில் ஒட்டும். அதனால் இழை நிற்காமல் படுத்துவிடும். படுத்த இழையால் இணையைப் பிடிக்க முடியாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் ஹெர்னும் டார்லோவும் 1997-இல் இதற்குத் தீர்வு கண்டார்கள். டி.என்.ஏ. பொருத்தியபின் ஆறு கார்பன் நீளமுள்ள மெர்காப்டோஹெக்சனால் கரைசலில் மின்வாயை வைத்தால், அச்சிறு மூலக்கூறுகள் இடைவெளியை நிரப்பி, காரங்களைத் தங்கத்திலிருந்து எழுப்பிவிடும். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பெரும்பாலான ஆய்வகங்களில் இதே செய்முறைதான்.

எத்தனை இழைகள் நிற்கின்றன என்பதை எண்ணவும் அதே குழு வழிசெய்தது. மூன்று நேர் மின்னேற்றமுள்ள ருத்தேனியம் ஹெக்சமீன் அயனி மூன்று பாஸ்பேட்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இழையோடு சேரும். அதை ஒடுக்கத் தேவைப்படும் மின்னூட்டத்தை அளந்தால் இழைகளின் எண்ணிக்கை வந்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி என்ற அளவில் நின்றால் ஏறத்தாழ எல்லா இழைகளுக்கும் இணை கிடைக்கும். பத்து லட்சம் கோடியை நெருங்கினால் பெரும்பாலானவை தனித்தே நிற்கும். நெருக்கி நட்ட நாற்றில் தூர் வெடிக்காததைப் போலத்தான் இதுவும். நிறையப் பொருத்தினால் நிறையச் சமிக்ஞை வரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

தயோல் பிணைப்புக்கும் எல்லை உண்டு. −0.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது ஒடுக்கமடைந்து உதிரத் தொடங்கும். மேல்பக்கம் அதிகம் ஏற்றினால் ஆக்சிஜனேற்றத்தால் உதிரும். எனவே குவானினை நேரடியாக ஆக்சிஜனேற்றும் முறையைத் தயோல் பூசிய தங்கத்தில் செய்ய இயலாது. இடைப்பட்ட குறுகிய வெளியில் வேலைசெய்யும் சுட்டி வேண்டும். −0.25 வோல்ட்டை ஒட்டி மீளத்தக்க வகையில் வினைபுரியும் மெத்திலீன் புளூ பரவலாக வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கரைந்த ஆக்சிஜனும் ஏறத்தாழ அங்கேயே ஒடுங்கும் என்பது மட்டும் சங்கடம். நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றாமல் எடுத்த அளவீட்டின் அடித்தளக் கோடு சாய்ந்தே இருக்கும்.

எந்தச் சுட்டியும் இழையில் ஒட்டாமல், ஃபெர்ரி, ஃபெர்ரோசயனைடு கலவையைக் கரைசலில் சேர்த்து மின்மறுப்பை அளக்கும் முறையும் உண்டு. இணை இழை வந்தால் பரப்பின் எதிர் மின்னேற்றம் கூடும், எதிர் மின்னேற்றமுள்ள அந்த அயனிகள் நெருங்கத் தடுமாறும், மின்தடை உயரும். செலவு குறைவு, வரைபடம் அழகு. ஆனால் புரதம் படிந்தாலும் தடை உயரும். தயோல் அடுக்கு கலைந்தால் குறையும். அந்தக் கலவையிலுள்ள சயனைடே தங்கத்தை மெதுவாக அரிக்கும். பொருந்தாத வரிசையைக் கொண்டு அதே மின்வாயில் அதே நேரம் காத்திருந்து எடுத்த கட்டுப்பாட்டு அளவீடு இல்லையென்றால், உயர்ந்த தடைக்கு இணை இழைதான் காரணம் என்று சொல்லத் துணியக்கூடாது. இம்முறையில் வெளியாகும் கட்டுரைகளின் பெருக்கத்தோடு ஒப்பிட, பயன்பாட்டுக்கு வந்த கருவிகள் மிகக் குறைவு.

சுருளின் வழியாகவே எலக்ட்ரான் நெடுந்தூரம் போகுமா என்பது 1990களில் சூடான விவாதம். கால்டெக் நிறுவனத்தில் ஜாக்குலின் பார்ட்டனின் குழு, அடுக்கடுக்காக இருக்கும் காரங்களின் ஊடாக மின்னூட்டம் கடக்கும் என்றும், நடுவில் ஒரே ஓர் இணை பொருந்தாவிட்டாலும் மின்னோட்டம் சரியும் என்றும் காட்டியது. 2011-இல் நூறு காரங்கள் நீளமுள்ள, 34 நானோமீட்டர் சுருளிலும் இதை அளந்தார்கள். ஓரிரு நானோமீட்டர் என்ற பொதுவிதிக்கு இது விலக்கு. ஆனால் சுட்டி காரங்களின் அடுக்குக்குள் சரியாகச் செருகியிருந்தால்தான் இது நடக்கும். நெகிழும் சங்கிலியில் தொங்கும் சுட்டியானால் இழை வளைந்து அதைப் பரப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த வளைவையே அடிப்படையாக்கியது கலிபோர்னியாவின் சான்டா பார்பரா குழு. 2003-இல் சுன்ஹாய் ஃபேன், கெவின் பிளாக்ஸ்கோ, கடத்தும் பாலிமருக்காக நோபல் பெற்ற ஆலன் ஹீகர் மூவரும், தன்னோடு தானே மடிந்து கொண்டைஊசி வடிவில் நிற்கும் இழையின் நுனியில் ஃபெரோசீனை வைத்தார்கள். மடிந்த நிலையில் ஃபெரோசீன் தங்கத்தின் அருகில் இருக்கும், மின்னோட்டம் ஓடும். இணை இழை சேர்ந்ததும் கொண்டை விரிந்து நிமிரும், சுட்டி விலகும், மின்னோட்டம் விழும். வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். கொண்டைஊசிக்குப் பதில் அப்டாமரை வைத்தால் இதே ஏற்பாடு மரபணுவைத் தாண்டிப் புரதத்தையும் மருந்தையும் அளக்கும். குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளுமாறு கோடிக்கணக்கான வரிசைகளிலிருந்து சலித்தெடுத்த இழைதான் அப்டாமர். அந்தத் தேர்வுமுறை 1990-இல் வந்தது.

இவ்வளவு இருந்தும் ரத்தச் சர்க்கரைக் கருவியைப் போல வீட்டுக்கு வீடு டி.என்.ஏ. உணரி ஏன் வரவில்லை என்பதற்கு விடை எண்களில் இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் இருக்கிறது. போதாததற்கு, ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு நூற்றுக்கணக்கான குளுக்கோஸை மாற்றிக்கொண்டே இருக்கும். மாதிரியில் டி.என்.ஏ. லிட்டருக்கு ஒரு ஃபெம்டோமோல் இருப்பதாகக் கொண்டால், 100 மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 60,000 மூலக்கூறுகளே இருக்கும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கத்தின் மேல் காத்துநிற்கும் இழைகளோ ஏறத்தாழ 3,000 கோடி. அத்தனை மூலக்கூறும் வந்து சேர்ந்தாலும் ஐந்து லட்சத்துக்கு ஓர் இழைதான் இணை பெறும். அதுவும் ஒருமுறை சேர்ந்து அங்கேயே நிற்கும். அந்த மாற்றம் அளவீட்டின் இரைச்சலுக்குள் காணாமல் போகும்.

ஆகவே பெருக்கம் தேவை. பி.சி.ஆர். முறையில் 30 சுற்றில் ஒரு பிரதி கொள்கையளவில் 107 கோடியாகும். அமெரிக்காவில் மருத்துவப் பரிசோதனைக்கு அனுமதி பெற்ற ஈசென்சர் கருவி, பி.சி.ஆரில் பெருக்கிய டி.என்.ஏ.வைத் தங்க மின்வாயில் ஃபெரோசீன் சுட்டியால் படிக்கிறது. பெருக்கிய பிறகு ஒளிரும் சாயத்தாலேயே படித்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. கருவியின் சிறுமை, ஒரே சில்லில் பல மின்வாய்களை அடுக்கும் வசதி, கலங்கிய மாதிரியிலும் வேலை செய்வது ஆகியவைதான் மின்வேதியியல் தரப்பு வாதங்கள். 2019-இலிருந்து வேறொரு வழியும் வளர்கிறது. இலக்கு வரிசையைக் கண்டதும் அருகிலுள்ள ஒற்றை இழைகளையெல்லாம் வெட்டித்தள்ளும் காஸ்12ஏ நொதியைக் கொண்டு, மின்வாயில் நிற்கும் மெத்திலீன் புளூ இழைகளை அறுப்பது. ஓர் இலக்குக்குப் பல வெட்டு என்பதால் நொதியின் பெருக்கம் இங்கும் கிடைக்கிறது. பலெச்செக் இதற்கு வெகு முன்பே இன்னொரு கோணத்தில் யோசித்தார்: காந்த மணிகளின் மேல் இழைகளை இணையவிட்டு, பிடிபட்டதைப் பிரித்தெடுத்து வேறொரு மின்வாயில் அளப்பது. பிடிப்பதற்கு உகந்த பரப்பும் அளப்பதற்கு உகந்த பரப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்ற இந்த எண்ணம் கிடைத்திருக்கும் கவனத்தைவிட அதிகம் பெறத் தக்கது.

அப்டாமர் உணரிகள்தான் உடலுக்குள் வரை போயிருக்கின்றன. 2013-இல் எலியின் ரத்தத்தில் டாக்ஸோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவை நிகழ்நேரத்தில் தொடர்ந்தார்கள். அதற்கு ரத்தத்தை வெளியே எடுத்து நுண்குழாயில் ஓட்ட வேண்டியிருந்தது. 2017-இல் மெல்லிய தங்கக் கம்பியே நடமாடும் எலியின் ரத்தக் குழாய்க்குள் வைக்கப்பட்டது. மருந்து அங்கே மைக்ரோமோல் அளவில் இருப்பதால் பெருக்கம் தேவைப்படவில்லை. இடைஞ்சல் வேறு: மணிக்கணக்கில் மின்னோட்டம் தானாகவே இறங்கிக்கொண்டு போகிறது. தயோல் அடுக்கு சிறிது சிறிதாக உதிர்வதும், ரத்தப் புரதங்களும் செல்களும் பரப்பில் படிந்து இழையின் அசைவைத் தடுப்பதும் காரணங்கள். அழுத்தத்தின் வீச்சைச் சுட்டியான மெத்திலீன் புளூவுக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓட்டாமல் குறுக்கினால் முதல் காரணம் பெரிதும் தணியும். இரண்டாவதற்கு, அழுத்தத்தைச் சதுர அலையாக ஏற்றி இறக்கும் முறையில் இரண்டு அதிர்வெண்களில் அளக்கிறார்கள். ஒன்றில் மருந்து சேர்ந்தால் பீக் உயரும், மற்றதில் தாழும். சரிவோ இரண்டிலும் ஒரே பக்கமாகப் போகும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரிவு பெருமளவு நீங்கி மருந்தின் அளவு மிஞ்சும். இந்த எண்ணைச் செறிவாக மாற்றும் அளவுத்திருத்தத்தைத் தாங்கல் கரைசலில் அறை வெப்பநிலையில் செய்தால் விடை பிழையாக வரும். அன்றே எடுத்த ரத்தத்தில், 37 டிகிரியில் செய்ய வேண்டும்.